அலை தெரியாத வெட்டு

மங்கையர்க்கரசி துண்டை உப்புத்தாளின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் நூல்போல விழுந்து தாளை நனைத்துக்கொண்டே இருந்தது. கறுப்புப் பிசினில் புதைத்த துண்டு கேரம் ஸ்டிரைக்கரைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது. அதன் முகத்தில் மட்டும் உலோகம் தெரிந்தது, கீழ்ப்பாதி எஃகு, மேல்பாதி டைட்டானியம், நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு. இரண்டும் ஒட்டிக்கொண்ட இடம் அது. நல்லபடியாக ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று அந்தக் கோட்டைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, தாள் மாறும்போதெல்லாம் துண்டைக் கால்வட்டம் திருப்பி, முந்தைய தாள் போட்ட கீறல் முழுக்க அழிகிறவரை புதிய தாளில் தேய்த்து, பிறகு அதைவிட நைசான தாள். ஒரு கீறலை அழிக்க இன்னொரு கீறல். இருபது வருஷமாக இதைச் செய்கிற கைக்கு யோசனை தேவையில்லை, அதனால் யோசனை வேறு எங்கோ போனது, போன இடம் அறையின் மூலையில் இருந்த மஞ்சள் அலமாரி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அது அங்கே இருந்தது, கதவில் ஒட்டிய மண்டையோட்டுப் படத்தோடு, உள்ளே இரண்டாம் தட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலோடு. இடது கையின் ஆள்காட்டி விரல் துண்டை அழுத்தப் போய்க் காற்றை அழுத்தியது. அந்த விரலின் முதல் கணு போய் ஏழு மாதமாகிறது. விரலுக்கு இன்னும் அது தெரியவில்லை. பித்தளைப் பாத்திரத்தை எடுக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் இல்லாத நுனி முதலில் நீண்டது. அவள் நடுவிரலை அந்த இடத்துக்கு நகர்த்திக்கொண்டு மறுபடி தேய்த்தாள். இன்று மதியத்துக்குள் அந்த அலமாரியைத் திறக்க வேண்டும். திறந்தால் இந்த மேஜை அவளுடையது. திறக்க முடியவில்லை என்றால் நாளையிலிருந்து மாடியில் பழைய சான்றிதழ்களுக்கு எண் போடுகிற வேலை. இருதயராஜ் சார் மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர், அவளுக்காக மேலிடத்தில் வாதாடித்தான் இந்த ஒரு நாளை வாங்கிக் கொடுத்திருந்தார். அமிலத்தைத் தொட முடியாத ஆளை அந்த மேஜையில் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள், மேடம், அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு என்று மட்டும் சொல்லியிருந்தார். நியாயம் இருக்கத்தான் செய்தது.

அடுத்த தாள். கால்வட்டம் திருப்பினாள். கந்தக அமிலம் யோக்கியன், பட்டவுடன் சுடும், ஆள் துள்ளிக் கையைக் கழுவப் போய்விடலாம். நைட்ரிக் மஞ்சள் கறை போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஹைட்ரோஃபுளோரிக் அப்படியில்லை. அது வலிக்காது. அதன் குணமே அதுதான். தண்ணீர்போல நிறமற்று, தண்ணீர்போலத் தோலில் உட்கார்ந்து, தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, எலும்பில் இருக்கிற சுண்ணாம்பைத் தேடிப் போகும். கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் கண்ணாடியையே தின்னும், அதனால்தான் பிளாஸ்டிக். அன்றைக்குக் கையுறை போட்டிருந்தாள். அதுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம். போடாமல் இருந்திருந்தால் தன்னைத் திட்டிக்கொண்டு முடித்திருக்கலாம். போட்டிருந்தாள், நுனியில் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. கரைசல் கலந்து, வேலை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, பஸ் ஏறி, வீட்டுக்குப் போய் அவரைக்காய்க்கு நார் உரிக்கும்போதுதான் விரல் நுனி விண்ணென்றது. நார் குத்தியிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் நகம் வெளுத்து வீங்க, எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து இது நகச்சுத்தி, சந்தேகமே வேண்டாம் என்று சொல்லி, ஓர் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து, கொஞ்சம் உப்பு வைத்து விரலில் மாட்டிவிட்டாள். இருபது வருஷம் அமிலங்களோடு வேலை செய்தவள், டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கியவள், ஒரு இரவு முழுக்க எலுமிச்சம்பழத்தைத் தொப்பிபோல விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையுறை போட்டிருந்தேனே என்ற ஒரே நினைப்பு மற்ற எல்லா நினைப்பையும் மறித்துக்கொண்டு நின்றது. கால்சியம் களிம்பு ஆய்வுக்கூடத்தின் முதலுதவிப் பெட்டியில் பிரிக்காமலே இருந்தது. காலையில் பெரிய மருத்துவமனையில், எங்கேம்மா வேலை பார்க்கிறீங்க என்று டாக்டர் கேட்டபோது சொல்ல வாயைத் திறந்தாள், வெள்ளைப் பாட்டில் ஞாபகம் வந்து அப்படியே நிறுத்தினாள். அந்த வாய் திறந்த கணம் இன்னும் முடியவில்லை. தினமும் ஒருமுறையாவது அது மறுபடி திறக்கிறது.

தண்ணீரில் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பழைய கீறல் ஒன்று இன்னும் மிச்சம். மறுபடி வைத்தாள். அவள் கணவன் தர்மலிங்கம் நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், மாடி வேலைக்கு என்ன குறைச்சல், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதலாம், சம்பளமும் அதேதான். அவன் டவுன் பஸ் கண்டக்டர், நாளெல்லாம் நின்றபடி இருப்பவன், உட்கார்ந்து செய்கிற எந்த வேலையும் அவனுக்குச் சொர்க்கம். மாடியில் ஏற்கெனவே மூன்று மாதம் இருந்து பார்த்தாகிவிட்டது. மற்றவர்கள் பார்த்துச் சொன்னதைப் பைண்டு பண்ணி அடுக்குகிற இடம் அது. தான் பார்க்காத ஒன்றை இப்படித்தான் இருந்தது என்று எடுத்து வைப்பது அவளுக்குக் கூசியது. கீழே இருந்தவர்கள் விசாரிப்பதற்கு அவரவர் வழி வைத்திருந்தார்கள். இருதயராஜ் சார் விரலைப் பார்க்காமலே பேசப் பழகிக்கொண்டார். வெட்டுப் பட்டறையின் காஜா பாய் மட்டும் முதல் நாளே கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வடைக்கு இனி எதை வச்சும்மா ஓட்டை போடுவ?" என்றார். "கட்டைவிரல் கெடக்கு பாய்." "அப்ப வடை எனக்கு வேணாம், ஓட்டைதான் பெருசா இருக்கும்." அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறை சிரித்தது அன்றைக்குத்தான். இன்று காலை துண்டை வெட்டிக் கொடுத்தனுப்பியதும் அவர்தான். வழக்கமாகத் தகடு வந்தவுடன் அவளே பட்டறைக்குப் போவாள், சிவப்பு மார்க்கரோடு. இன்று போகவில்லை. இன்று காலை முழுக்க அவள் அலமாரிச் சாவியை வலது கையிலிருந்து இடது கைக்கும் இடது கையிலிருந்து வலது கைக்கும் மாற்றிக்கொண்டு இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

நைசான தாளுக்கு வந்தபோது சத்தம் குறைந்து வெறும் சிலுசிலுப்பு ஆயிற்று. இந்த மாதிரிக் கோடு உண்டாவதை அவள் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்று சொல்வதுகூடத் தப்பு, அதற்குள் கண்ணைச் சிமிட்டிவிட்டாள். பெரம்பலூர்ப் பக்கம் கைவிட்ட ஒரு கல்குவாரி. அடியில் மணல் பரப்பி, அதன் மேல் எஃகுத் தகடு, அதற்கு மேலே சின்னச் சின்னத் தாங்கல் வைத்து விரலளவு இடைவெளி விட்டு டைட்டானியத் தகடு, அதன் மேல் வெள்ளை வெடிமருந்தை ரவை கொட்டினாற்போலக் கொட்டிப் பலகையால் மட்டம் பண்ணினார்கள். ஓர் ஓரத்தில் வெடிப்பான். எந்த ஓரத்தில் வைத்தார்களோ அங்கிருந்து எதிர் ஓரத்தை நோக்கி வெடி ஓடும், ஓடுகிற திசையைக் காட்ட எஃகின் விளிம்பில் உளியால் வரிசையாக அம்பு கொத்தி வைப்பார்கள். சங்கு ஊதினார்கள், மேட்டில் மேய்ந்த ஆடுகளை ஒருவர் வைதுகொண்டே விரட்டினார், எல்லோரும் பாறைக்குப் பின்னால் போனார்கள். அப்புறம் நெஞ்சில் ஓர் அடி, தூசி, காதுக்குள் ஒரு நீண்ட வெறுமை. போய்ப் பார்த்தால் இரண்டு தகடு ஒரே தகடாகக் கிடந்தது. உருக்கி ஒட்டினால் இந்த இரண்டும் சேராது, சேர்ந்தாலும் நடுவில் உறைவது அப்பளம்போல நொறுங்கும். அதனால் உருகுவதற்கு நேரமே கொடுக்காமல் அறைவது. மேல்தகடு கதவு சாத்துவதுபோலச் சாய்வாக வந்து அறையும்போது இரண்டின் மேல்தோலும் பிய்ந்து பீய்ச்சிக்கொண்டு முன்னால் ஓடிவிடும், பின்னால் பச்சை உலோகமும் பச்சை உலோகமும் முட்டிக்கொள்ளும். அப்படி முட்டிய இடம் நேராக இருக்காது, அலையாக இருக்கும். வெட்டி, தேய்த்து, அமிலத்தில் காட்டினால் நுண்ணோக்கியில் அப்படியே கடற்கரை, ஒவ்வொரு அலையும் வெடி ஓடிய பக்கம் தலை சாய்த்து, நுனியில் சுருண்டு. சுருளுக்குள் கொஞ்சம் உருகி உறைந்த சாம்பல் திட்டு இருக்கும். சுருளுக்குள் அடைபட்டிருந்தால் அதனால் தொல்லையில்லை. விடாமல் பட்டையாக ஓடினால்தான் ஆபத்து. இந்தத் தகடு கடல் தண்ணீரைக் குடிநீராக்குகிற ஓர் ஆலைக்குப் போகிறது, டைட்டானியம் உப்பைத் தாங்க, எஃகு அழுத்தத்தைத் தாங்க. பிரிந்துவிட்டால் இரண்டும் எதையும் தாங்காது. வாங்குகிறவர்களின் சார்பில் குரியன் என்று ஒரு பரிசோதகர் கொச்சியிலிருந்து வந்து இருதயராஜ் சாரின் அறையில் உட்கார்ந்திருக்கிறார். சர்க்கரை போடாத டீ கேட்டார் என்று கேண்டீனில் ஒரு பேச்சு.

துணி ஒட்டிய சக்கரத்தில் வைரப் பசையை ஒரு பொட்டு வைத்துத் துண்டை அழுத்தினாள். எஃகு சீக்கிரம் பளபளக்கும், டைட்டானியம் அழும், இழுத்துக்கொண்டு வரும், அதற்காக அதிகம் அழுத்தினால் நடுவில் படி விழுந்துவிடும், படி விழுந்தால் நுண்ணோக்கியில் ஒரு பக்கம் தெளிவு, ஒரு பக்கம் மங்கல். இரண்டுக்கும் பொதுவான ஓர் அழுத்தம் உண்டு. அதை யாரும் சொல்லித்தர முடியாது, கையில் வரும். வந்தது. ஏழு மாதத்துக்குப் பிறகும், நுனி இல்லாமலும் வந்தது. முகம் பார்க்கிற அளவுக்கு ஆனபின் ஸ்பிரிட்டில் அலசி, சூடான காற்றில் காயவைத்து, எஃகுப் பக்கத்துக்கான கரைசலைப் பஞ்சில் தொட்டு ஒரு தடவை தடவினாள். ஸ்பிரிட்டில் கலந்த நைட்ரிக், இதற்குப் பயமில்லை, இது பழகிய நாய். எஃகு மங்கலாக வெளுத்தது. கழுவி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழே வைத்துத் திருகினாள். திரையில் கோடு வந்து நின்றது. அவள் கை திருகிலேயே நின்றுவிட்டது. அலை இல்லை. துண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்திப் பார்த்தாள். அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல ஒரு நேர்கோடு, கோட்டை ஒட்டியே விடாமல் ஓடுகிற சாம்பல் பட்டை. பட்டையில் குறுக்கே மயிரிழை விரிசல்கள். ஒலி செலுத்திச் சோதித்ததில் தகடு முழுக்க நன்றாக ஒட்டியிருப்பதாக வந்திருந்தது. இங்கே பார்த்தால் அப்பளம். இருதயராஜ் சாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவரோடு குரியனும் வந்தார், டீத் தம்ளரோடு. இருவரும் திரையைப் பார்த்தார்கள். குரியன் தம்ளரை மேஜையில் வைக்கப் போய், அது ஆய்வுக்கூட மேஜை என்பது ஞாபகம் வந்து, கையிலேயே வைத்துக்கொண்டார். நிதானமான மனிதர். அலையே காணோமே என்று வருத்தத்தோடுதான் சொன்னார். இப்படிப் பட்டை ஓடினால் தன்னால் கையெழுத்துப் போட முடியாது, உங்களுக்கே தெரியும் என்றார். இருதயராஜ் சாருக்குத் தெரிந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இதுக்கு மேல பாக்க என்ன இருக்கு. ரிஜெக்ட்டுன்னு எழுதிடலாம். நீங்க அந்தப் பாட்டிலத் தொடவே வேணாம்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார், அதுதான் தொல்லை. கதவு திறந்தே இருந்தது, யாரும் தள்ளவில்லை, தடுக்கவும் இல்லை. இன்று அவள் அமிலத்தைத் தொடாததற்குத் தகடே காரணம் சொல்லும். முடியாது என்று அவள் சொல்ல வேண்டியதில்லை, மாடிக்குப் போக வேண்டியதில்லை, அடுத்த தகடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் தைரியம் தானாக வந்துவிடலாம், தைரியம் என்ன மழையா தானாக வர. அடுத்த தகட்டுக்கும் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும் என்று அவளுக்குப் பட்டது. காரணம் தேட ஆரம்பித்தவளுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை. எலுமிச்சம்பழம். கையுறை போட்டிருந்தேனே. அன்றைக்கும் ஒரு காரணத்தை நம்பித்தானே இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ரிஜெக்ட் என்றாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ரிஜெக்ட் பண்ண வேண்டும். டைட்டானியம் இன்னும் பேசவே இல்லை. பாதிப் பேரை விசாரித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதா. டைட்டானியப் பக்கத்தையும் பார்த்துவிடலாம் சார் என்றாள். குரியன் தலையசைத்தார், பார்க்கட்டும், ஞான் வெய்ட் செய்யாம், காத்திருக்கிறேன் என்றார். இருதயராஜ் சார் களிம்புக் குழாயை எடுத்து மூடியைத் திறந்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

சாவி முதல் தடவையிலேயே திரும்பியது. திரும்பாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்தாள், நினைத்ததை உலோகத்தின் மேலிருக்கும் தூசிபோல ஊதிவிட்டாள். கையுறைகள். புதிய ஜோடி. வாயருகே கொண்டுபோய் ஊதி, கழுத்தைத் திருகி, ஒவ்வொரு விரலும் பலூன்போல விறைத்து நிற்கிறதா என்று பார்த்தாள், கன்னத்தருகே வைத்துக் காற்றுக் கசிகிறதா என்று பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தபின் மறுபடி அமுக்கினாள். அதன் மேல் இன்னொரு ஜோடி. இடது கையில் ஆள்காட்டி விரலுக்கான நுனி வெறுமையாகத் தொங்கியது, எதையாவது தட்டிவிடும், அதை மடித்து டேப் ஒட்டிக்கொண்டாள். அமிலப் புகையை உறிஞ்சுகிற புகைக்கூண்டின் கண்ணாடியை மார்புவரை இறக்கினாள். பிளாஸ்டிக் குவளையில் முதலில் தண்ணீர், பிறகு நைட்ரிக், கடைசியில் அது. பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திருகும்போது விரல் நுனி வலித்தது, இல்லாத நுனி, விண்ணென்று, அவரைக்காய் உரித்த அதே மாலை. இது பொய் வலி, ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள், போன விரலை மூளை இன்னும் தேடும் என்று. உண்மையான அது வலிக்காது. வலிக்கிறது என்றால் அது இல்லை. அப்படியென்றால் வலி நல்லது. அப்படியென்றால் வலிக்காத மற்ற ஒன்பது விரல்கள். அவள் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டுச் சொட்டுகளை விட்டாள், ஒன்றன்பின் ஒன்று, மூடியை மூடினாள். குச்சியில் சுற்றிய பஞ்சு. டைட்டானியத்தின் மேல் மட்டும் தடவ வேண்டும், கோட்டைத் தாண்டினால் எஃகு கறுத்துவிடும். கை நடுங்கினால் தாண்டும். முழங்கையை மேஜையில் ஊன்றி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, பஞ்சை வைத்தாள். நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்க அவளுக்குப் பிடிக்காது, கண்ணை எடுக்க வேண்டும். அவள் வழி வேறு. கல்யாணமான புதிதில் தர்மலிங்கத்தின் பஸ்ஸில் வேலைக்கு வந்து போன நாட்களில் பிடித்தது. அவன் படிக்கட்டில் நின்று நிறுத்தங்களின் பெயரைக் கத்துகிற ராகத்திலேயே உள்ளுக்குள் சொல்வாள். துவாக்குடி. திருவெறும்பூர், திருவெறும்பூர். காட்டூர் எறங்கு. அரியமங்கலம். பால்பண்ணை. பஞ்சு மெல்ல வட்டமிட்டது. காந்தி மார்க்கெட். உலோகம் பழுப்பாக மங்கி வந்தது. சத்திரம், சத்திரம், கடைசி, எல்லாம் எறங்கு. பஞ்சை எடுத்துக் கழிவுக் குப்பியில் போட்டாள். தண்ணீர். நிறையத் தண்ணீர். கையுறைகளையும் கழுவி, ஒவ்வொன்றாக உரித்து, கைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாதது ஒன்றையும் நிரூபிக்காது, அதுதான் அதன் குணம், ராத்திரிவரை தெரியாது. சரி, ராத்திரி தெரிந்துகொள்ளலாம். களிம்பை எடுத்து விரல்களில் பூசிக்கொண்டாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதுபோல, தேவை இருக்கிறதோ இல்லையோ.

மறுபடி திரை. எஃகுப் பக்கம் கறுக்கவில்லை, கோட்டைத் தாண்டவில்லை. அந்த ஒரு சின்ன சந்தோஷத்தை அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கோட்டுக்கு மேலே டைட்டானியம் வாய் திறந்திருந்தது. மணிமணியாக உலோகத் துகள்கள், அவற்றுக்கு ஊடே மெல்லிய கரும் இழைகள். அறைந்த வேகத்தில் உலோகம் தனக்குள்ளேயே வழுக்கிக் கிழித்துக்கொள்கிற இழைகள் அவை, எப்போதும் இருக்கும், இருந்தால் தப்பில்லை. இருக்கின்றன. எழுத வேண்டியதுதான். ஆனால் கை எழுதப் போகவில்லை. ஏதோ ஒன்று நெருடியது, செருப்புக்குள் கிடக்கிற மணல்போல. இந்த இழைகளை அவள் எத்தனையோ தகடுகளில் பார்த்திருக்கிறாள், சாரலில் மழைக்கம்பி சாய்ந்து விழுவதுபோலச் சாய்ந்திருக்கும், எல்லாம் ஒரே பக்கம், வெடி ஓடின பக்கம். இங்கே சாயவில்லை. படுத்திருந்தன. கோட்டுக்கு இணையாக, பாய் விரித்ததுபோல, ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. மழை படுத்துக்கொண்டு பெய்யுமா. தகடு கெட்டதா, வெடி பலமா, தாங்கல் சரிந்ததா. இல்லை, எப்படி வெடித்தாலும் இழை சாயும், சாயாமல் வழுக்க முடியாது. சாய்ந்துதான் இருக்கிறது, தனக்குத்தான் சாய்வு தெரியவில்லை. ஏன் தெரியவில்லை. எதிர்ச்சாரியில் கேண்டீனின் நெளித் தகரக் கூரை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தண்ணீர் சொட்டுகிற முன்விளிம்பில் நெளிநெளியாக, அலையலையாக. பக்கவாட்டில், தண்ணீர் வடிகிற வாக்கிலேயே நீளமாகப் பார்த்தால். அவள் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழுந்து நின்றாள். அலைகளின் முதுகு வெடி ஓடிய திசைக்குக் குறுக்கே நீண்டு கிடக்கும், அந்த நெளியின் நீளத்தில் வெட்டினால் நெளி தெரியாது. நேர்கோடு தெரியும். அதுவும் வாள் சுருளின் வயிற்றிலேயே நீளமாகப் போயிருந்தால், ஒவ்வொரு சுருளிலும் துளித்துளியாக அடைபட்டிருக்க வேண்டிய சாம்பல் திட்டு, விடாமல் ஓடுகிற பட்டையாகத்தான் தெரியும். எஃகு மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. படுத்துக் கிடக்கிற இழைகள்தான் சொல்லின.

"சார், இது குறுக்க வெட்டின துண்டு," என்றாள். "வெடி ஓடின வாக்குல வெட்டல."

இருதயராஜ் சார் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். குரியன் இழைகளை விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாணு," என்று மெதுவாகச் சொன்னார். "படுத்துக் கிடக்குது." பிறகு, ஊகம் போதாது, தகட்டில் அம்பைப் பார்க்க வேண்டும் என்றார். அது சரியான பேச்சு. மூவரும் வெட்டுப் பட்டறைக்கு நடந்தார்கள், அவள் கொஞ்சம் முன்னால். மிச்சத் துண்டு, தகட்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்கு அருகே தரையில் கிடந்தது. விளிம்பில் உளி அம்பு துருவேறித் தெளிவாகத் தெரிந்தது. வெட்டு வாய், அம்புக்குச் செங்குத்தாக இருந்தது. காஜா பாய் வாளை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார், மூன்று பேரையும், பிறகு துண்டையும். நீளவாக்கில் வைஸில் உட்காரவில்லை, அளவு மட்டும் எழுதி வந்தது, அதனால் திருப்பிப் போட்டு வெட்டினேன் என்றார். அதில் குற்றம் செய்தவனின் குரல் இல்லை, குற்றம் சாட்டுகிறவனின் குரலும் இல்லை.

"எப்பவும் நீ வந்து செவப்புக் கோடு போட்டுக் குடுப்பியேம்மா," என்றார். "இன்னிக்கு நீ வரல."

அவள் வரவில்லை. காலை முழுக்க ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அம்பைப் பார்க்க வரவில்லை. பார்த்துப் பயப்பட வேண்டியது எங்கே இருக்கிறது என்று பயத்துக்குத் தெரிவதில்லை, அது போன தடவை அடிபட்ட இடத்தையே காவல் காக்கும். ஒரு நல்ல தகடு, குவாரியில் ஒரு நாள் வேலை, ஆடு விரட்டியவரின் தொண்டை, எல்லாம் இன்று மதியம் ரிஜெக்ட் ஆகியிருக்கும், ஆகி மாடியில் பைண்டு பண்ணப்பட்டு எண் போடப்பட்டிருக்கும். இதைப் பிறகு யோசிக்கலாம், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசிக்கலாம். சட்டைப் பையில் மாட்டியிருந்த மார்க்கரை எடுத்து மூடியைப் பல்லால் கடித்து உருவினாள். அம்பின் வாலிலிருந்து தலையைத் தாண்டி ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள், நேராக, நீளமாக. "இந்த வாக்குல பாய். உக்காரலன்னா கட்ட குடுத்து உக்கார வையுங்க." காஜா பாய் உக்காரும் உக்காரும் என்று சொல்லிக்கொண்டே தகட்டைத் தூக்கினார்.

மறுபடி பிசினில் புதைத்து, மறுபடி சொரசொரப்புத் தாளிலிருந்து. கால்வட்டம், கீறல், கால்வட்டம். தோள் வலித்தது. கேண்டீனில் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, இருதயராஜ் சார் அவளுக்கு ஒரு பொட்டலம் தயிர்சாதம் வாங்கி வைத்திருந்தார், அவள் தொடவில்லை, அமில மேஜையில் கை வைக்கிற நாளில் நடுவில் சாப்பிடுவதில்லை. சக்கரத்தில் ஏற்றினாள். இரண்டுக்கும் பொதுவான அழுத்தம் மறுபடி வந்தது. நைட்ரிக்கைத் தடவிக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தபோது பின்னால் இரண்டு பேரின் மூச்சு கேட்டது. திருகினாள். அலைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அளவெடுத்து வார்த்தாற்போல, ஒரே பக்கம் தலை சாய்த்து, எஃகின் துகள்கள் காற்றில் சாய்ந்த நெற்பயிராக அலையின் முதுகோடு இழுபட்டு. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு சின்னச் சாம்பல் திட்டு, அடைபட்டு. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே உலோகமும் உலோகமும் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றன. இருதயராஜ் சார் மூச்சை விட்டார். குரியன் நெடுநேரம் பார்த்தார், ஒவ்வொரு அலையாக நகர்த்தச் சொல்லிப் பார்த்தார், பிறகு சிரித்தார். "இது போதும் மேடம்," என்றார், காகிதங்களைத் தட்டிச் சேர்த்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். போதும்தான். தகடு பிழைத்துவிட்டது. அமிலத்தை ஒருமுறை தொட்டாகிவிட்டது, இருதயராஜ் சார் கண்ணால் பார்த்தாகிவிட்டது, மேலிடத்துக்குச் சொல்ல அது போதும். ராத்திரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இரண்டாவது தடவையும் கை வைத்து, ராத்திரியை இரண்டு மடங்காக்கிக்கொள்ள வேண்டுமா. கதவு மறுபடி திறந்திருந்தது. முன்பு தகடு கெட்டது என்ற கதவு, இப்போது தகடு நல்லது என்ற கதவு. இரண்டும் ஒரே வாசலுக்குத்தான் போகும்.

"பேனாவ மூடுங்க சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "இன்னும் ஒரு பக்கம் இருக்கு."

புதிய கையுறையைப் பிரித்தாள். பயம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தாள், குறையவில்லை, காலையில் இருந்த அதே அளவு, அதே இடத்தில். அதற்கு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டாள். கையுறையின் வாயைக் கூட்டிப் பிடித்து ஊதினாள். ஐந்து விரலும் விறைத்து நின்றன, அவளுக்கு இல்லாத நுனியும் சேர்ந்து. தண்ணீரில் அமுக்கினாள். குமிழி இல்லை. மறுபடி அமுக்கினாள். நுனியை மடித்து டேப் ஒட்டி, புகைக்கூண்டின் கண்ணாடியை இறக்கி, தண்ணீர், நைட்ரிக், கடைசியில் அது. இல்லாத விரல் விண்ணென்றது. முழங்கையை ஊன்றிக்கொண்டு, கோட்டுக்கு மயிரிழை இந்தப் பக்கம் பஞ்சை வைத்தாள்.

துவாக்குடி.